பழவேற்காட்டில் யானை இறக்கப் பழக்கிய நாட்கள்

கப்பலில் வரும் யானையைக் கரை சேர்ப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கப் போன நான், பழவேற்காட்டில் தலைகீழாகத்தான் கரை சேர்ந்தேன்.

கப்பல் வெகு தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிட்டது. அங்கிருந்து எங்களைக் கயிற்றால் தைத்த ஒரு பெரிய படகில் ஏற்றினார்கள். ஆணி ஒன்றுகூட இல்லாத படகு. அலை மோதும்போது பலகைகள் கூடையைப் போல வளைந்து கொடுத்தன. கரையை நெருங்கியதும் படகின் தலைவர் என்னைப் பார்த்து, "குந்திக்கோ சாமி, குந்திக்கோ" என்றார். எனக்கு விளங்காமல் இல்லை. ஊர்காவற்றுறையில் பத்து வருடமாக யானைகளைக் கப்பலேற்றுகிறவன் ஒரு அலைக்காகக் குந்துவதா என்று நின்றேன். அடுத்து எனக்குத் தெரிந்தது வாயில் உப்பும் காதில் மணலும்தான். யாரோ என் குடுமியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். கண்ணைத் திறந்தால் அதே படகுத் தலைவர். பெயர் எல்லப்பன்.

"யாழ்ப்பாணத்துலேர்ந்து ஒரு வாத்யார் வர்றாருன்னு கோட்டையில சொன்னாங்க. நீதானா அது?" என்றார்.

நான்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் அவருக்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

நான் போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வன்னிக் காட்டில் பிடித்துப் பழக்கிய யானைகளை ஒல்லாந்தர் வடக்கே உள்ள வியாபாரிகளுக்கு விற்பார்கள். அந்த முறை வாங்குகிறவர் பழவேற்காட்டிலேயே இறக்கித் தரச் சொல்லிவிட்டார். பழவேற்காட்டுக் கோட்டையின் படகுக்காரர்கள் அதுவரை துணி மூட்டையைத்தான் இறக்கியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு யானைகளோடு கப்பல் வரும், அதற்குள் அவர்களைப் பழக்க வேண்டும் என்று என்னை முன்கூட்டியே அனுப்பினார்கள். எனக்கு அப்போது முப்பது வயது. என்னால் முடியும் என்பதில் எனக்குத் துளிச் சந்தேகமும் இருக்கவில்லை.

மறுநாள் காலை இருபது பேர் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் என்னைவிட மூத்தவர்கள். கோட்டைத் துபாஷி வெங்கையா வெள்ளை வேட்டியில் மணல் ஒட்டாமல் ஒரு ஓரமாக நின்றார். ஒல்லாந்தருக்கும் ஊராருக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்வது அவர் வேலை. எல்லப்பன் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"எங்களுக்கு இன்னாத்த கத்துக் குடுக்கப் போற வாத்யாரே? நைனா காலத்துலேர்ந்து இதே அலயிலதான் கீறோம்."

"உங்களுக்கு அலையைத் தெரியும் அண்ணை. யானையைத் தெரியாது. அதுக்குத்தான் என்னை அனுப்பியிருக்கினம்" என்றேன்.

"அனுப்பியிருக்கினம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு அன்று முழுவதும் சிரித்தார்கள். யாராவது தண்ணீர் கொண்டு வந்தால்கூட, "தண்ணி அனுப்பியிருக்கினம்" என்றார்கள். நானும் விடவில்லை. அவர்கள் "கீது", "கீறாங்க" என்று சொல்லும்போதெல்லாம் எங்கே கீறியது என்று கேட்டேன். அப்படித்தான் பழகினோம்.

மணலில் குச்சியால் கோடு போட்டு விளக்கினேன். பாய்மரத் துணியை நாலு மடிப்பாகத் தைத்து ஒரு தொட்டில் செய்வோம். அதில் யானையை நிற்க வைத்து, கப்பலின் பக்கவாட்டில் கடலில் இறக்குவோம். பாகன் கழுத்தில் இருப்பான். தொட்டிலை அவிழ்த்ததும் யானை நீந்தும். அதற்கு முன்னால் வாழைத்தண்டோடு ஒரு படகு, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. மூன்று படகும் அதைக் கரைக்கு அழைத்து வர வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் ஒருவர், "ஆன நீந்துமா?" என்று கேட்டார். நான் அரை நாள் பேசியது காற்றோடு போயிருந்தது.

பகல் சாப்பாடு எல்லப்பன் வீட்டில். அவர் மனைவி கன்னியம்மா கேழ்வரகுக் களியும் நண்டுக் குழம்பும் போட்டார். புளியும் மிளகும் தூக்கலாக இருந்தன. களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன். "மெல்லாத, பல்லுல ஒட்டிக்கும்" என்றார். ஒட்டிக்கொண்டது.

"உங்க ஊர்ல நண்டு இல்லியா?" என்று கேட்டார்.

"இருக்கு அக்கா. நாங்கள் தேங்காய்ப்பால் விடுவம்."

"நண்டுக்குப் பாலா" என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. இருந்தாலும் ஏரி நண்டுக்கு எங்கள் ஊர் நண்டைவிட இனிப்பு அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மூன்றாம் நாளிலிருந்து படகில் ஏறினோம். அங்கேதான் பெரிய சிக்கல். எங்கள் ஊரில் தீவுகளுக்கு நடுவே கடல் குளம் மாதிரி கிடக்கும். யானை துறைமேடையிலிருந்து நடந்தே படகில் ஏறும். பழவேற்காட்டில் அலையைக் கடப்பதே ஒரு சண்டை, அந்தச் சண்டையை அவர்கள் கத்திக்கொண்டே போடுகிறார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பெருங்குரலில் பாடினால்தான் துடுப்புகள் ஒன்றாக விழும். தண்ணீரில் இருக்கும் யானைக்கு நாலு பக்கமும் சத்தம் கேட்டால் மிரண்டுவிடும். பாட்டை நிறுத்தச் சொன்னேன். துடுப்புகள் ஒன்றோடொன்று முட்டின. படகு குறுக்கே திரும்பியது. எல்லோரும் நனைந்தோம்.

இரண்டு நாள் இப்படியே போனது. பிறகு ஒருவர் தன் துடுப்புப் பிடியால் படகின் உள்பலகையில் மெதுவாகத் தட்ட, மற்றவர்கள் அந்தத் தட்டுக்கு ஏற்பத் துடுப்பு வலித்தார்கள். ஆறாம் நாள் மூன்று படகும் ஒரு வார்த்தை இல்லாமல் அலையைக் கடந்து போய்த் திரும்பின. கரையில் மீன் வாங்க நின்றிருந்த இரண்டு வியாபாரிகள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று வெங்கையாவைக் கேட்டேன். "இவர்கள் வீட்டில் ஏதோ துக்கம் போலிருக்கிறது என்கிறார்கள்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு சட்டமும் போட்டேன். யானை பக்கத்துப் படகை நெருங்கினால் துடுப்பைப் படகில் ஓங்கி அடித்து விரட்டலாம், ஆனால் நான் கையைத் தூக்கிய பிறகுதான் அடிக்க வேண்டும். அதுவரை ஒரு சிறு ஒலியும் கூடாது. கை தூக்காமல் யாராவது அடித்தால் அன்றைய பழக்கத்தை முதலிலிருந்து தொடங்கினேன். நாலைந்து முறை அப்படிச் செய்ததும் இருபது பேரும் என் கையையே பார்க்கப் பழகிவிட்டார்கள்.

யானைக்குப் பதில் பழக எருமை வேண்டியிருந்தது. ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவில் எருமை கிடைக்கும் என்றார்கள். தோணியில் போனோம். வழியில் தண்ணீருக்கு மேலே சில தலைகள் மட்டும் தெரிந்தன. இறால் பிடிக்கிறவர்கள். வலை கிடையாது. குனிந்து கையால் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்திருந்த கயிற்றில் தொங்கும் ஓலைப்பறிக் கூடையில் போட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். எங்களைப் பார்த்து ஒரு பெண் வாயிலிருந்து கயிற்றை எடுத்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். நாகம்மா என்று எல்லப்பன் சொன்னார்.

"ஆன எறக்கப் போறியாமே சாமி. இந்தப் பக்கம் மட்டும் வர உடாத. இங்க சேறு இடுப்பு மட்டும் உள்ள வாங்கும்."

"யானை ஏரிக்குள்ள வராது அக்கா. கடற்கரையிலதான் இறக்குறம்" என்றேன்.

"தெண்டி வலிச்சா முகத்துவாரத்துக்குத் தள்ளும்" என்றார் எல்லப்பன். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை அவர்கள் தெண்டி என்பார்கள். கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் நாங்கள் இறக்கப்போகும் இடத்துக்கு வடக்கே இருந்தது.

"அதுக்குத்தானே வலப்பக்கப் படகு இருக்கு" என்றேன்.

நாகம்மா மறுபடி கயிற்றைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

எருமைகளோடு பத்து நாள். முதல் எருமை எல்லப்பனின் படகில் ஏறப் பார்த்துப் படகைக் கவிழ்த்தது. இரண்டாவது நேராகத் தன் வீட்டுக்கு நீந்திப் போய்விட்டது. எனக்கு ஒரு கொம்புக் குத்து கிடைத்தது, இரண்டு நகம் போனது. ஆனால் பத்தாம் நாள் நாங்கள் நினைத்த இடத்தில் எருமை கரையேறியது. வெங்கையாவிடம், எல்லாம் தயார் என்று கோட்டைக்குச் சொல்லச் சொன்னேன்.

கப்பல் ஒரு தெளிந்த காலையில் வந்தது. காட்டுப்பள்ளியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கரையில் நின்றார்கள். முதலில் பெண் யானை. தொட்டில் இறங்கியது, அவிழ்ந்தது. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, யாரோ அழைத்த விருந்தாளி மாதிரி என் படகின் வாழைத்தண்டுக்குப் பின்னாலேயே வந்தது. இரு பக்கப் படகுகளும் ஓசையில்லாமல் கூடவே வந்தன. கரையேறியதும் ஒரு பிடி மணலை அள்ளித் தன் முதுகில் போட்டுக்கொண்டது. கரை முழுக்க ஒரு பெருமூச்சு. எல்லப்பன் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காக நான் இன்னொரு தரம் கடலில் விழத் தயாராக இருந்தேன்.

அடுத்தது கொம்பில்லாத இளம் ஆண் யானை. எங்கள் ஊரில் அலியன் என்போம். அதன் கழுத்தில் எங்கள் ஊர்ப் பாகன் மீரான். பாதி வழியில் ஒரு பக்க அலை அடித்து மீரான் வழுக்கி விழுந்தான். என் படகுக்கு மிக அருகில் விழுந்தான். நான் குனிந்து இரண்டு கையாலும் அவனைப் பிடித்து இழுத்தேன். தண்ணீர் குடித்திருந்தான், கனத்தான். அந்த நேரத்தில் யானை வடக்கே திரும்பியது.

வலப்பக்கம் வந்த எல்லப்பனின் படகு சரியாக அங்கேதான் இருந்தது. நான் தலை நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் படகில் இருந்த அத்தனை பேரும் துடுப்பை ஓங்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யானை அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"அடியுங்கோ" என்று கத்தினேன். அடித்தார்கள். அப்போது யானை அவர்களுக்கு வடக்கே போய்விட்டிருந்தது. பின்னாலிருந்து வந்த சத்தம் அதை இன்னும் வேகமாக முகத்துவாரத்துக்குள் விரட்டியது. நீர் ஏறும் நேரம் வேறு. கடல்நீரோடு யானையும் ஏரிக்குள் போனது.

படகுகள் துரத்திப் போனபோது அது பசியாவரத்துக்குக் கிழக்கே வயிறு வரை சேற்றில் நின்றது. முன்காலை இழுக்கும்போது பின்பக்கம் இறங்கியது. நீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

நான் எல்லப்பனிடம் கேட்டேன். "ஏன் அண்ணை அடிக்கேல்லை?"

"நீ கை தூக்காம அடிக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன. உன் கையவே பாத்துக்கினு இருந்தோம்."

"அடிச்சா திரும்பும் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சதா?"

"தெரிஞ்சுது" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. வாழ்நாள் முழுவதும் அலையைப் பார்த்த மாத்திரத்தில் முடிவெடுத்த மனிதர்களை, ஒரு மாதத்தில் என் கையைப் பார்த்து நிற்கப் பழக்கியிருந்தேன். அவர்கள் எதையும் மறக்கவில்லை. நான் சொன்னதை அச்சு அசலாகச் செய்தார்கள்.

நாகம்மாவும் அவர் ஆட்கள் பத்துப் பேரும் ஏற்கெனவே தண்ணீரில் நின்றார்கள். நான் படகிலிருந்து குதித்து அவரிடம் போனேன்.

"அண்டைக்கு நீங்கள் சொல்லேக்க நான் கேக்கேல்லை. இப்ப என்ன செய்ய வேணும் எண்டு சொல்லுங்கோ அக்கா."

அவர் சொல்லிக் காட்டவில்லை. "மொதல்ல படகுங்கள தள்ளிப் போவச் சொல்லு. கிட்ட வர வர ஆன மெரண்டுக்கினு உள்ள எறங்குது" என்றார். படகுகள் விலகின. யானை கொஞ்சம் அடங்கியது. நாகம்மா யானையைச் சுற்றி ஒரு பெரிய வட்டமாகக் காலால் துழாவிக்கொண்டே நடந்தார். தெற்குப் பக்கம் ஒரு இடத்தில் நின்றார். தண்ணீர் அவர் முழங்காலுக்கு வந்திருந்தது.

"இங்க சிப்பி மேடு ஓடுது. கரை வரைக்கும் போவும். நாங்க நடக்கற வழி. எங்க கனம் தாங்கும். ஆன கனம் தாங்குமான்னு எனக்குத் தெரியாது."

மேட்டுக்கும் யானைக்கும் நடுவில் முப்பது அடி இருக்கும். முழுக்கச் சேறு. இங்கேதான் எனக்குத் தெரிந்தது உதவியது. சேற்றில் மாட்டிய யானைக்கு முன்னால் மரமோ தழையோ போட்டால், அதுவே எடுத்துக் காலுக்கடியில் வைத்து மிதிக்கும். காட்டில் பார்த்திருக்கிறேன். "தழையும் மரமும் வேணும், நிறைய" என்றேன். எல்லப்பன் ஆட்கள் பசியாவரத்திலிருந்து பனந்துண்டுகளை மிதக்கவிட்டு இழுத்து வந்தார்கள். நாகம்மாவின் ஆட்கள் நாணலை வெட்டிக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, கால் புதையாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கொண்டுபோய்ப் போட்டார்கள். எங்களில் வேறு யார் இறங்கியிருந்தாலும் யானையோடு நாங்களும் மாட்டியிருப்போம்.

முதல் கட்டை யானை எடுத்து வீசியது. இரண்டாவதைக் கடித்தது. மூன்றாவதைத் தும்பிக்கையால் இழுத்துத் தன் மார்புக்குக் கீழே தள்ளி, அதன்மேல் முன்காலை ஊன்றியது. மீரான் நாணல் கட்டுகளின்மேல் தவழ்ந்து போய், அதன் காதைப் பிடித்து ஏறிக் கழுத்தில் உட்கார்ந்தான்.

"இப்ப வடக்குப் பக்கம் நின்னு சத்தம் குடுத்தா இந்தப் பக்கம் வரும்ல?" என்று எல்லப்பன் தூரத்திலிருந்து கேட்டார்.

"உங்களுக்கு எப்ப சரியெண்டு படுதோ அப்ப குடுங்கோ அண்ணை. என்னைப் பாக்க வேண்டாம்" என்றேன்.

அவர் பொறுத்தார். யானை பின்காலையும் ஒரு பனந்துண்டின்மேல் வைக்கும் வரை பொறுத்தார். பிறகு படகுகளிலிருந்து ஒரே குரலாகப் பாட்டு எழுந்தது. யானை தெற்கே பாய்ந்தது. ஒரு அடி, இரண்டு அடி, மறுபடி புதைந்தது, மறுபடி கட்டையை இழுத்தது. வெயில் சாயும் நேரத்தில் அதன் முன்கால் சிப்பி மேட்டில் பட்டது. சிப்பிகள் நொறுங்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மேடு தாங்கியது. நாகம்மா முன்னால் நடந்தார், யானை பின்னால் நடந்தது. பசியாவரத்தில் ஏறிய கையோடு ஒரு வீட்டுக் கூரையிலிருந்து ஒரு வாய் கீற்றைப் பிடுங்கித் தின்றது.

நீர் வற்றிய நேரத்தில் அலியனைத் தீவிலிருந்து கரைக்கு நடத்தி வந்தோம். மூன்றாம் நாள் இரண்டு யானைகளும் வாங்கியவரின் ஆட்களோடு வடக்கே நடந்து போயின.

அன்று மாலை கோட்டையில் அதிகாரி என்னை விசாரித்தார். சிவந்த முகம், கலங்காத கண். தவறு யாருடையது என்று வெங்கையா வழியாகக் கேட்டார். "என்னுடையது. படகு ஆட்கள் நான் பழக்கியபடியே செய்தார்கள்" என்றேன். அதிகாரி தன் மொழியில் நெடுநேரம் பேசினார். வெங்கையா என் பக்கம் திரும்பி, "பார்த்துச் செய்யச் சொல்கிறார்" என்றார்.

அடுத்த கப்பலில் நாலு யானைகள் வருகின்றன, பழகிய ஆட்களின் பெயரைச் சொல் என்றார்கள். எல்லப்பனோடு சேர்த்து இருபது பேரையும் சொன்னேன். எப்போது சத்தம், எப்போது அமைதி என்பதை எல்லப்பனே முடிவு செய்வார் என்றேன். பிறகு நாகம்மாவையும் அவர் ஆட்கள் பத்துப் பேரையும் சொன்னேன்.

வெங்கையா மாற்றிச் சொல்லாமல் நின்றார். "பெண்பிள்ளையைப் படகு ஆளாகப் போடும் வழக்கம் இல்லையே."

"படகு ஆளா இல்லை. அவ பழக்குறவ. ஏரியைத் தெரியாதவை எல்லாரையும் அவ பழக்க வேணும். அதுக்குப் பிறகுதான் நான் கப்பலேறுவன்."

வெங்கையா சொன்னார். அதிகாரி இறகுப் பேனாவை மையில் தோய்த்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு ஏதோ சொன்னார். அப்படியானால் கோட்டைத் துபாஷியும் கற்றுக்கொள்ளட்டும் என்று சொன்னாராம். அதை மாற்றிச் சொல்லும்போது வெங்கையாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நான் இன்னும் எட்டு நாள் தங்கினேன். காலையில் நீர் வற்றும் நேரமாகப் பார்த்து எல்லோரும் பசியாவரத்துக்குப் போனோம். நாகம்மா எங்களை ஏரியில் வரிசையாக இறக்கி, கண்ணைத் துணியால் கட்டச் சொன்னார். எல்லப்பன், அவர் ஆட்கள், மீரான், நான், கடைசியில் வேட்டியை வரிந்து கட்டிய வெங்கையா. ஒவ்வொருவராக நடக்கவிட்டு, நிறுத்தி, காலுக்குக் கீழே என்ன என்று கேட்டார். எல்லப்பன் முதல் நாளே பாதிக்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டார். நான் மணல் என்ற இடமெல்லாம் களிமண், களிமண் என்ற இடமெல்லாம் சேறு.

ஏழாம் நாள் என்னை ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இன்னா கீது கால்ல?"

"மணல்."

"இல்ல. குதிகால ஊணு. விரல வெச்சிப் பாக்காத."

குதிகாலை ஊன்றினேன். மேலே இரண்டு விரல் அளவுக்குச் சேறு. அதற்கும் கீழே, மிக மெல்லிதாக, ஒன்றின்மேல் ஒன்றாக ஏதோ அடுக்கி வைத்தது போலக் கடினமாக இருந்தது. கொஞ்சம் எடையைக் கூட்டினேன். அசையவில்லை.

"சிப்பி" என்றேன். "இது யானையைத் தாங்கும்."

நாகம்மா என் தோளைப் பிடித்து ஒரு ஓரமாக நகர்த்திவிட்டு, "அடுத்த ஆளு வா" என்று வெங்கையாவைக் கூப்பிட்டார்.